அந்த எண் எப்போது வந்தது? ஆரக்கிள் விலையைப் படிக்கும் முறை

நான் முதன்முதலாக, நிஜப் பணம் புழங்கும் எத்தீரியம் மெயின்நெட்டில் ஏற்றிய கடன் ஆப் ஒரு நாளைக்கு ஒரு மணி நேரம்தான் வேலை செய்தது. ஈத்தரை ஈடாக வைத்து, ஒரு டாலர் மதிப்பில் நிற்க வேண்டிய யூஎஸ்டிசி டோக்கனைக் கடன் வாங்கலாம், அவ்வளவுதான் அதன் வேலை. ஃபோர்க்கில், அதாவது மெயின்நெட்டின் நகலில், சோதித்தபோது எல்லாம் ஓடியது. ஏற்றிய மறுநாள் காலை ஒருவர் எழுதினார்: கடன் வாங்கவும் முடியவில்லை, திருப்பிக் கட்டவும் முடியவில்லை. மத்தியானம் நான் முயன்று பார்த்தேன், ஓடியது. "உங்கள் வாலட்டில் ஏதோ கோளாறு" என்று பெரிய மனுஷன் மாதிரி பதில் போட்டுவிட்டு வேறு வேலைக்குப் போய்விட்டேன். சாயங்காலம் எனக்கும் ரிவர்ட் ஆனது, அதாவது பரிவர்த்தனை நிராகரிக்கப்பட்டுத் திரும்பியது.

காரணம் ஒரே ஒரு எண். 'ஒரு மணி நேரத்துக்கு மேல் பழைய விலையை ஏற்காதே' என்று எங்கேயோ படித்து, 3,600 விநாடி என்ற வரம்பை, விலையைச் செயினில் எழுதி வைக்கும் இரண்டு ஃபீட்களுக்கும் ஒன்றாக வைத்திருந்தேன். ஈத்தர்–டாலர் ஃபீட் மணிக்கு ஒரு முறையாவது புதுப்பிக்கப்படும். யூஎஸ்டிசி–டாலர் ஃபீட் அப்படி இல்லை. விலை அசையாமல் கிடந்தால் 24 மணி நேரத்துக்கு ஒரு முறைதான் எழுதப்படும். ஆக, எழுதப்பட்ட முதல் ஒரு மணி நேரம் என் கடை திறந்திருக்கும், மீதி 23 மணி நேரம் பூட்டு. அந்த வாலட்காரரிடம் மன்னிப்புக் கேட்டேன்.

அன்றிலிருந்து ஆரக்கிளிடம், அதாவது வெளி விலையைச் செயினுக்குள் கொண்டுவரும் சேவையிடம், விலையை மட்டும் கேட்பதில்லை. அந்த விலை எப்போது வந்தது, எந்த அளவுகோலில் வந்தது, எந்த நிலைமையில் வந்தது என்று சேர்த்தே கேட்கிறேன். கீழே எழுதியிருப்பது நான் இப்போது படிக்கும் முறை. செயினில் ஓடும் நிரலான கான்ட்ராக்டை எழுதும் சாலிடிட்டி மொழி ஓரளவு தெரிந்தவருக்காக எழுதுகிறேன்.

ஃபீட் எப்போது எழுதுகிறது

செயின்லிங்க் மாதிரியான ஆரக்கிளின் ஃபீடில், செயினுக்கு வெளியே பல நோடுகள் தனித்தனியாக விலையைப் பார்க்கின்றன. அவை தங்களுக்குள் ஒத்துக்கொண்டு, நடுவில் வரும் விலையை, அதாவது மீடியனை, ஒரே பரிவர்த்தனையாகச் செயினில் எழுதுகின்றன. ஒவ்வொரு பிளாக்கிலும் எழுதுவதில்லை, கட்டுப்படி ஆகாது. இரண்டு சந்தர்ப்பங்களில் எழுதும். கடைசியாக எழுதிய விலையிலிருந்து இத்தனை சதவீதம் நகர்ந்துவிட்டால் எழுதும். இது விலகல் வரம்பு. நகராவிட்டாலும் இத்தனை நேரம் ஆகிவிட்டால் எழுதும், இது ஹார்ட்பீட். எத்தீரியம் மெயின்நெட்டின் ஈத்தர்–டாலர் ஃபீடை நான் சேர்த்தபோது விலகல் 0.5 சதவீதம், ஹார்ட்பீட் ஒரு மணி நேரம். யூஎஸ்டிசி–டாலருக்கு 0.25 சதவீதம், 24 மணி நேரம்.

இவை ஃபீடுக்கு ஃபீட் மாறும். அதே ஜோடி வேறு நெட்வொர்க்கில் வேறு எண்களோடு இருக்கும். ஆகவே ஒரு ஃபீடைச் சேர்க்கும் முன் அதன் பக்கத்துக்குப் போய் இரண்டு எண்களையும் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். 0.5 சதவீத விலகல் வரம்பு என்றால், ஃபீட் பிசகின்றி வேலை செய்யும்போதே சந்தை விலைக்கும் அதற்கும் கிட்டத்தட்ட அரை சதவீதம் வித்தியாசம் இருக்கலாம். இரண்டு ஃபீட்களை வகுத்து மூன்றாவது விலையை உண்டாக்கினால் இரண்டின் பிழையும் சேர்ந்துகொள்ளும்.

ஐந்து பதில்கள்

அழைக்க வேண்டிய ஃபங்ஷன் 'லேட்டஸ்ட் ரவுண்ட் டேட்டா'. ஐந்து மதிப்புகளைத் திருப்பித் தரும்: ரவுண்ட் ஐடி, ஆன்சர், ஸ்டார்ட்டட் அட், அப்டேட்டட் அட், ஆன்சர்ட் இன் ரவுண்ட். கடைசியானது இப்போது வழக்கொழிந்துவிட்டது. பழைய வழிகாட்டிகள் அதை ரவுண்ட் ஐடியோடு ஒப்பிடச் சொல்லும், விட்டுவிடலாம். 'லேட்டஸ்ட் ஆன்சர்' என்று இன்னொரு பழைய ஃபங்ஷன் இருக்கிறது. வெறும் எண்ணை மட்டும் தரும், எப்போது வந்தது என்று சொல்லாது. அதைத் தொடவே வேண்டாம்.

ஆன்சர் குறியுள்ள முழு எண், மைனஸிலும் வரலாம். விலை எப்படி மைனஸில் போகும் என்று கேட்பவர்களுக்கு, 2020 ஏப்ரல் 20 அன்று அமெரிக்கக் கச்சா எண்ணெயின் மே மாத ஒப்பந்தம் மைனஸ் 37.63 டாலரில் முடிந்தது. மைனஸ் எண்ணைச் சோதிக்காமல் குறியில்லாத எண்ணாக மாற்றினால் கம்பைலர் எதுவும் சொல்லாது. பிரம்மாண்டமான ஒரு விலை கிடைக்கும், உங்கள் கான்ட்ராக்ட் அதை நம்பும். ஆகவே முதல் சோதனை: ஆன்சர் பூஜ்ஜியத்தைவிடப் பெரிதா?

இரண்டாவது சோதனை: பிளாக்கின் நேரத்திலிருந்து அப்டேட்டட் அட்டைக் கழித்தால் வருவது அந்த ஃபீடின் வரம்புக்குள் இருக்கிறதா? ஒவ்வொரு ஃபீட் முகவரிக்கும் அதன் வரம்பைத் தனியாக ஒரு மேப்பிங்கில் வைத்திருக்கிறேன். ஹார்ட்பீட்டை அப்படியே வைப்பதில்லை. நெட்வொர்க்கில் நெரிசல் என்றால் எழுதும் பரிவர்த்தனை சற்றுத் தாமதமாகும். மணிக்கொரு முறை ஃபீடுக்குப் பத்து நிமிடம், நாளுக்கொரு முறை ஃபீடுக்கு அரை மணி நேரம் கூட்டி வைக்கிறேன். இது என் கணக்கு. உங்கள் ஆப்பில் போட்டிருக்கும் பணத்தைப் பார்த்து நீங்கள் முடிவு செய்யுங்கள்.

யூஎஸ்டிசி எப்படியும் ஒரு டாலர்தானே, ஃபீட் எதற்கு என்று எனக்கும் தோன்றியது. 2023 மார்ச் 11 அன்று, அதை வெளியிடும் சர்க்கிளின் 3.3 பில்லியன் டாலர் கையிருப்பு சிலிக்கான் வேலி வங்கியில் மாட்டிக்கொண்ட செய்தி வந்ததும், அது சுமார் 0.88 டாலர் வரை இறங்கியது. ஒன்று என்று கோடில் எழுதி வைத்திருந்தவர்களின் கான்ட்ராக்டுக்கு அந்த வாரக்கடைசி தெரியவே தெரியாது.

பழைய விலை என்ன செய்யும் என்பதற்கு 2022 மே மாத லூனா டோக்கன் சரிவைச் சொல்லலாம். செயினில் விலை சுமார் 0.107 டாலரில் நின்றுவிட்டது. அதற்குக் கீழே ஃபீட் போகவில்லை. சந்தையில் லூனா அதற்குப் பல மடங்கு கீழே போய்விட்டது. ஒன்றுக்கும் உதவாத லூனாவைக் கொண்டுவந்து ஈடாக வைத்து, வீனஸ் கடன் தளத்திலிருந்து உருப்படியான டோக்கன்களைக் கடனாக எடுத்துக்கொண்டு போனார்கள். வீனஸின் இழப்பு ஒரு கோடி டாலருக்கும் மேல். அப்டேட்டட் அட்டைப் பார்க்கும் ஒரு வரி கதவை அடைத்திருக்கும். ஃபீடுக்குக் கீழ் எல்லை ஏதாவது வைத்திருக்கிறார்களா என்றும் பாருங்கள். இருந்தால், விலை அந்த எல்லையைத் தொட்டவுடன் அதை விலையாக எடுத்துக்கொள்ளாமல் நிறுத்திவிட வேண்டும்.

டெசிமல்

செயினில் தசமப் புள்ளி கிடையாது, முழு எண்ணில் கடைசி எத்தனை இலக்கம் பின்னம் என்பதுதான் டெசிமல். டாலரில் விலை சொல்லும் ஃபீட்கள் பெரும்பாலும் 8 டெசிமல், ஈத்தரில் சொல்பவை 18. 'பெரும்பாலும்' என்பதில்தான் வில்லங்கம்: ஆம்ப்பிள்ஃபோர்த்–டாலர் ஃபீட் டாலரில் சொன்னாலும் 18. மனப்பாடம் செய்யாதீர்கள், ஃபீடிடமே 'டெசிமல்ஸ்' என்று கேளுங்கள். நான் கன்ஸ்ட்ரக்டரில் ஒரு முறை கேட்டு வைத்துக்கொள்கிறேன்.

ஒரு கணக்கு போட்டுப் பார்ப்போம். ஒருவர் 1.5 ஈத்தர் வைத்திருக்கிறார். கான்ட்ராக்டுக்குள் அது 15-க்குப் பின் 17 பூஜ்ஜியம். விலை 2,000 டாலர் என்றால் ஃபீட் தருவது 200000000000. இரண்டையும் பெருக்கினால் 3-க்குப் பின் 29 பூஜ்ஜியம். ஃபீடின் 8 டெசிமலை வகுத்து எடுத்தால் 3-க்குப் பின் 21 பூஜ்ஜியம். 18 டெசிமல் கணக்கில் 3,000 டாலர். ஆனால் கடன் கொடுப்பது யூஎஸ்டிசியில், அதற்கு 6 டெசிமல். இன்னும் 12 பூஜ்ஜியத்தை எடுக்க வேண்டும். இந்தக் கடைசிப் படியை மறந்தால் 3,000 டாலருக்குப் பதில் அதைவிட லட்சம் கோடி மடங்கு கடன் கொடுக்க கான்ட்ராக்ட் தயாராக இருக்கும்.

எப்போதும் முதலில் பெருக்கி, பிறகு வகுங்கள். மாற்றிச் செய்தால் மீதி உதிர்ந்துபோகும். ஈட்டின் மதிப்பைக் கீழ்நோக்கியும், கடனின் மதிப்பை மேல்நோக்கியும் முழுமையாக்குங்கள். உதிரும் சில்லறை எப்போதும் கான்ட்ராக்ட் பக்கமே விழ வேண்டும்.

வலைப்பக்கத்தில் காட்டும்போதும் இதே தொல்லை உண்டு. ஜாவாஸ்கிரிப்டின் சாதாரண எண் 9,007,199,254,740,991 வரைதான் துல்லியம். 18 டெசிமலில் ஒன்று என்ற எண்ணே அதைத் தாண்டிவிடும். திரையில் எழுதும் கடைசி நொடி வரை, பெரிய முழு எண்களுக்கான பிக்இன்ட்டாகவே வைத்திருங்கள்.

இரண்டாம் அடுக்கு செயின்கள்

ஆர்பிட்ரம், ஆப்டிமிசம், பேஸ் போன்ற, எத்தீரியத்தின் மேல் ஓடும் செயின்களில் பரிவர்த்தனைகளை வரிசைப்படுத்தும் சீக்வென்சர் ஒன்று உண்டு. அது படுத்துவிட்டால் ஃபீடும் புதுப்பிக்கப்படாது, சாதாரணப் பயனர்களும் உள்ளே வர முடியாது. அது மறுபடி எழுந்தவுடன் என்ன ஆகும் என்று யோசியுங்கள். இடையில் விலை இறங்கியிருக்கும். ஈட்டைக் கூட்ட நினைத்தவருக்கு வழி இருந்திருக்காது. எழுந்த முதல் பிளாக்கிலேயே, ஈடு போதாத கடனின் ஈட்டைக் கைப்பற்றும் லிக்விடேஷன் பாட்கள் பாய்ந்தால் அவர் ஈடு மூழ்கிவிடும், அவர் பக்கம் ஒரு தப்பும் இல்லாமல்.

இதற்கென்று சீக்வென்சர் அப்டைம் ஃபீட் இருக்கிறது. அதே ஐந்து மதிப்புகள்தான், பொருள் வேறு. ஆன்சர் 0 என்றால் ஓடுகிறது, 1 என்றால் நின்றுவிட்டது. நான் முதல் தடவை இதைத் தலைகீழாக எழுதினேன். 1 என்றால் நல்லது என்று கை தானாகவே எழுதிவிடுகிறது. நிலை எப்போது மாறியது என்பதை ஸ்டார்ட்டட் அட் சொல்லும். எழுந்து ஒரு மணி நேரம் ஆகாவிட்டால் லிக்விடேஷனை அனுமதிக்காதீர்கள். ஸ்டார்ட்டட் அட் பூஜ்ஜியமாக இருக்கிறதா என்றும் பாருங்கள்: ஃபீட் இன்னும் தொடங்கப்படாத நிலையில் பூஜ்ஜியம் வந்தால், கழித்தல் கணக்கில் அது 50 வருஷத்துக்கு மேல் ஓடுவதாகத் தெரிந்து உங்கள் சோதனை சிரித்துக்கொண்டே வழிவிடும்.

பூலைப் பார்த்து விலை எடுப்பது

யூனிஸ்வாப் மாதிரி டோக்கன் மாற்றும் தளத்தின் ஒரு பூலில் இருக்கும் இரண்டு டோக்கன்களின் இருப்பை வகுத்தால் விலை வந்துவிடும். ஆரக்கிளே வேண்டாம் என்று ஆரம்பத்தில் எல்லோருக்கும் தோன்றும். செய்யாதீர்கள். ஈடே இல்லாமல் கிடைக்கும் உடனடிக் கடனான ஃப்ளாஷ் லோன் எடுத்து, பூலைச் சாய்த்து, உங்கள் கான்ட்ராக்டை அழைத்து, பூலை நிமிர்த்தி, கடனைத் திருப்பி, எல்லாம் ஒரே பரிவர்த்தனையில் முடிந்துவிடும். 2020 பிப்ரவரியில் பிஇசட்எக்ஸ் கடன் தளம் இப்படித்தான் அடி வாங்கியது.

ஃபீடே இல்லாத டோக்கன் என்றால் கால சராசரி விலை எடுக்கலாம். யூனிஸ்வாப் மூன்றாம் பதிப்பில் 'அப்சர்வ்' ஃபங்ஷனுக்கு 1,800, 0 என்று கொடுத்தால், அரை மணி நேரத்துக்கு முந்தைய குவிப்பு டிக்கும் இப்போதைய குவிப்பு டிக்கும் கிடைக்கும் (டிக் என்பது விலையின் படி எண், குவிப்பு என்பது அதன் நேரக் கூட்டுத்தொகை). வித்தியாசத்தை 1,800-ஆல் வகுத்தால் சராசரி டிக், 1.0001-ஐ அந்த அடுக்குக்கு உயர்த்தினால் விலை. இதில் நான் விழுந்த குழிகள் மூன்று. புது பூலில் வரலாற்றுக்கு ஒரே ஒரு இடம்தான் இருக்கும், அதை முதலில் கூட்டச் சொல்லி, நிரம்பும் வரை காத்திருக்க வேண்டும். மைனஸ் டிக்கை வகுக்கும்போது சாலிடிட்டி பூஜ்ஜியத்தை நோக்கி வெட்டும், மீதி இருந்தால் நாமே ஒன்று குறைக்க வேண்டும். அப்புறம் டோக்கன் வரிசை: முகவரியில் சிறியது முதல் டோக்கன். மெயின்நெட் யூஎஸ்டிசி–வெத் (டோக்கன் வடிவ ஈத்தர்) பூலில் யூஎஸ்டிசி முதலில் வருகிறது, ஆகவே கிடைப்பது ஒரு டாலருக்கு எத்தனை ஈத்தர் என்ற விலை. தலைகீழாகத் திருப்பி, 12 டெசிமல் வித்தியாசத்தையும் சரி செய்ய வேண்டும்.

பணம் குறைந்த பூலில் கால சராசரியையும் சாய்க்கலாம், சற்று அதிகச் செலவாகும், அவ்வளவுதான். ஃபீட் இருக்கும் டோக்கனுக்கு நான் பூல் பக்கமே போவதில்லை.

நீங்களே விலையைக் கொண்டுபோகும் வகை

பித் நெட்வொர்க் என்ற ஆரக்கிள் வேறு மாதிரி. விலை செயினுக்கு வெளியே கையெழுத்தோடு தயாராக இருக்கும். தேவைப்படும்போது பயனரின் பரிவர்த்தனையே அதை எடுத்துக்கொண்டு வரும். ஆப் அந்தத் தரவை வாங்கி, 'கெட் அப்டேட் ஃபீ' மூலம் கட்டணத்தைக் கேட்டு, 'அப்டேட் பிரைஸ் ஃபீட்ஸ்' அழைப்போடு கட்டணத்தைச் செலுத்தி, பிறகு 'கெட் பிரைஸ் நோ ஓல்டர் தேன்' என்று வயது வரம்போடு படிக்க வேண்டும். 'அன்சேஃப்' என்று பெயரிலேயே எழுதியிருக்கும் ஃபங்ஷனும் உண்டு. அதை எடுப்பவர்கள் வயதைத் தாங்களே சோதிக்க வேண்டும். வெளியீட்டு நேரம் பிளாக் நேரத்தைவிட ஓரிரு விநாடி முன்னால் இருக்கவும் கூடும். நேராகக் கழித்தால் அண்டர்ஃப்ளோவில் ரிவர்ட் ஆகும்.

கிடைப்பது நான்கு: விலை, நம்பக இடைவெளி, அடுக்கு, நேரம். விலை 200012345678, அடுக்கு மைனஸ் 8 என்றால் 2,000.12345678 டாலர். இடைவெளி 90000000 என்றால் 0.90 டாலர், விலை இருபுறமும் அந்த அளவு தள்ளி இருக்கலாம் என்று பொருள். எனக்கு இந்த இரண்டாவது எண் ரொம்பப் பிடிக்கும். ஈட்டை மதிப்பிடும்போது விலையிலிருந்து அதைக் கழிக்கிறேன், கடனை மதிப்பிடும்போது கூட்டுகிறேன். விலையில் ஒரு சதவீதத்துக்கு மேல் இடைவெளி விரிந்தால் புதுக் கடன் கொடுப்பதை நிறுத்திவிடுகிறேன்.

ஒரு எச்சரிக்கை. 60 விநாடி வரை பழைய விலையை ஏற்பேன் என்று சொன்னால், அந்த 60 விநாடியில் வந்த விலைகளில் தனக்குச் சாதகமானதைப் பொறுக்கி எடுக்கும் வாய்ப்பைப் பயனருக்குத் தருகிறீர்கள். கடன் ஆப்புக்கு இது பொறுக்கக்கூடியது. வாங்கி விற்கும் ஆப்புக்கு இல்லை, வரம்பை இறுக்குங்கள்.

சோதனையில் தோற்றால்

சரி, விலை பழசு என்று தெரிந்துவிட்டது. ரிவர்ட் செய்வதா? எதையெல்லாம் என்பதுதான் கேள்வி. என் முதல் கான்ட்ராக்டின் பெரிய முட்டாள்தனம் 3,600 அல்ல, திருப்பிக் கட்டும் ஃபங்ஷனிலும் விலையைச் சோதித்ததுதான். கடனைத் திருப்பிக் கட்டவும், ஈட்டைக் கூட்டவும் விலையே தேவையில்லை. அவை எப்போதும் திறந்திருக்க வேண்டும். புதுக் கடன், ஈட்டை எடுப்பது, லிக்விடேஷன், இந்த மூன்றுக்கும்தான் நல்ல விலை வேண்டும். கடன் ஒன்றும் பாக்கி இல்லாதவர் ஈட்டை எடுக்க அதுவும் வேண்டாம்.

ஃபீடே ரிவர்ட் ஆகும் சந்தர்ப்பத்துக்காக அழைப்பை டிரை–கேட்சில் வைத்து, இரண்டாவது ஆரக்கிளுக்குப் போகலாம். அந்த இரண்டாவதுக்கும் மேலே சொன்ன சோதனைகள் எல்லாம் உண்டு. மாற்று வழி என்று பூலின் உடனடி விலையை வைத்தவர்களைப் பார்த்திருக்கிறேன். முன்கதவுக்குப் பூட்டு, கொல்லைப்புறம் திறந்து கிடக்கிறது.

வெளியிலிருந்து படிக்கும்போது

பாட் அல்லது வலைப்பக்கத்துக்காக விலை மாற்றங்களைக் கவனிக்கிறீர்களா? நீங்கள் வைத்திருக்கும் முகவரி பிராக்ஸியுடையது, அதாவது கேள்வியை உள்ளே கடத்திவிடும் முன்வாசல் கான்ட்ராக்டுடையது. 'ஆன்சர் அப்டேட்டட்' நிகழ்வு அதிலிருந்து வராது. உள்ளே இருக்கும் அக்ரிகேட்டரிலிருந்துதான் வரும். பிராக்ஸியிடம் 'அக்ரிகேட்டர்' என்று கேட்டு முகவரியை வாங்குங்கள், அது மாறவும் கூடும், அவ்வப்போது மறுபடி கேளுங்கள். ஒரு முழு நாள் காலியான லாகைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

பழைய ரவுண்டுகளைத் தேடிப் போகும்போது 18446744073709551617 மாதிரி ஒரு ரவுண்ட் ஐடி வந்தால் பயப்பட வேண்டாம். மேல் பகுதியில் ஃபேஸ் எண் (அக்ரிகேட்டர் மாறும்போது கூடுவது), கீழ் 64 பிட்டில் உண்மையான ரவுண்ட் எண். இது முதல் ஃபேஸின் முதல் ரவுண்ட். ஒவ்வொன்றாகக் குறைத்துக்கொண்டே போனால் ஃபேஸ் எல்லையில் முட்டிக்கொள்வீர்கள். இரண்டு ஃபீட்களை ஒப்பிடுவதானால் இரண்டையும் ஒரே பிளாக் எண்ணைக் கொடுத்துப் படியுங்கள்.

சோதனைக்கு மாக் ஃபீட், அதாவது போலி ஃபீட், ஒன்று எழுதி, பூஜ்ஜியம், மைனஸ் ஒன்று, நேற்றைய நேரம், 18 டெசிமல், நேரடி ரிவர்ட் எல்லாவற்றையும் கொடுத்துப் பாருங்கள். ஃபோர்க்கில் நேரத்தை ஒரு வாரம் தள்ளினால் ஃபீட் தள்ளாது, எல்லா டெஸ்டும் 'விலை பழசு' என்று விழும். கோடு சரியாக இருக்கிறது என்பதற்கான அடையாளம் அது. டெஸ்ட் ஓட வேண்டும் என்பதற்காகச் சோதனையை நீக்கிவிடாதீர்கள்.

கடைசியாக, ஒவ்வொரு ஃபீடின் வயதையும் பத்து நிமிடத்துக்கு ஒரு முறை பார்த்து, ஹார்ட்பீட்டில் 80 சதவீதம் தாண்டினால் எனக்குச் செய்தி அனுப்பும் ஒரு சின்ன பாட் வைத்தேன். முதல் வாரம் தினமும் தவறாமல் அலறியது, அதே யூஎஸ்டிசி ஃபீடுக்காக: அசையாத விலை என்றால் 20 மணி நேர வயது அதற்குச் சகஜம். இப்போது ஹார்ட்பீட் முடிந்து ஐந்து நிமிடம் கழித்து மட்டும் அலறும்படி மாற்றியிருக்கிறேன்.